எண்ணிக்கையும் பங்கீடும்: பஃபலோ நகரத்தின் ஜனத்தொகைச் சரித்திரம்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள் நகரங்களின் ஜனத்தொகை. பொருள் பரந்தது, நேரமோ குறுகியது. ஆகவே உலகத்து நகரங்களையெல்லாம் மேலெழுந்தவாரியாகச் சுற்றி வருவதைக் காட்டிலும், ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், வந்தவர்களுள் யார் நிலைத்தார்கள், யார் வெளியேறினார்கள் என்பதை ஆற அமர விசாரிப்பதே உசிதம் என்று எனக்குத் தோன்றியது.

நான் எடுத்துக்கொண்ட நகரம் பஃபலோ. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரியின் நீர் நயாகரா நதியாகப் புறப்பட்டுத் தன் அருவியை நோக்கி ஓடத் தொடங்கும் இடத்தில் அது அமைந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி அதன் ஜனத்தொகை 2,78,349. அமெரிக்க அளவுகோலின்படி அது நடுத்தர நகரமே. ஆனால் ஆராய்ச்சிக்கு நடுத்தர நகரமே ஏற்றது. மாநகரங்கள் வளர்வதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டாகையால், ஒரு தொழில் நசித்தாலும் மற்றொன்று அவற்றைத் தாங்கிக்கொள்ளும். நடுத்தர நகரமோ ஒன்றிரண்டு காரணங்களால் எழுந்து, அவை தளர்ந்ததும் தானும் தளர்ந்துவிடுவதால், காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள சம்பந்தம் அங்கே வெட்டவெளிச்சமாகப் புலப்படுகிறது.

அந்நகரத்தின் இருநூறு ஆண்டுக் கணக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தபின் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நகரம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்பதை அதன் மொத்த எண்ணிக்கை சொல்லும். அது நீதியுள்ள நகரமா என்பதை, வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அங்கே எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்பதே சொல்லும். பந்திக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பெருமையாகக் கணக்குச் சொல்லும் வீட்டுக்காரரிடம், யாரை எந்தப் பந்தியில் உட்கார்த்தினீர்கள் என்றும் கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? அந்தக் கேள்வியைத்தான் இன்று நான் பஃபலோவிடம் கேட்க விரும்புகிறேன்.

1. கால்வாய் தந்த நகரம்

ஜோசப் எல்லிகாட் என்ற நில அளவையாளர் 1804-இல் அவ்விடத்துக்கு வீதிகள் வகுத்தபோது, அது ஜனசூனியமான பிரதேசமாக இருக்கவில்லை. செனகா என்னும் பூர்வகுடியினர் பஃபலோ சிற்றாற்றின் கரைகளில் வாழ்ந்துவந்தார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலமும் அங்கே இருந்தது. நகரம் பெருத்து நிலத்தின் விலை ஏறியபோது, 1838-இலும் 1842-இலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின் மூலம் அந்த நிலம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. முதல் உடன்படிக்கை லஞ்சத்தாலும் மோசடியாலும் பெறப்பட்டது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. இரண்டாவது உடன்படிக்கை வேறு இரு நிலப்பகுதிகளைத் திருப்பித் தந்ததேயன்றிப் பஃபலோ நிலத்தைத் திருப்பித் தரவில்லை. ஆகவே பஃபலோவின் ஜனத்தொகைச் சரித்திரத்தில் முதல் அத்தியாயம் ஒரு வெளியேற்றம் என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

1810-இல் 1,508 பேர் இருந்த அந்தச் சிற்றூரை 1813 டிசம்பரில் பிரிட்டிஷ் படை தீக்கிரையாக்கியது. 1820-இல் 2,095 பேர். அதற்குமேல் வளர்வதற்கு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கும் 363 மைல் நீளமுள்ள கால்வாயை வெட்டும் முயற்சியில் ஆளுநர் டீவிட் கிளின்டன் முனைந்திருந்தார். கால்வாய் முடியும் இடம் பஃபலோவா, அதற்கு அடுத்திருந்த பிளாக் ராக் என்ற ஊரா என்பதில் கடும் போட்டி நிகழ்ந்தது. பஃபலோவாசிகள் சாமுவேல் வில்கெசன் என்பவரின் தலைமையில், தங்கள் பொறுப்பிலேயே கடன் வாங்கி, ஆற்றின் முகத்தை அடைத்திருந்த மணல்மேட்டைத் தகர்த்துத் துறைமுகம் அமைத்துக் காட்டி அந்தப் போட்டியில் வென்றார்கள்.

1825-இல் கால்வாய் திறக்கப்பட்டது. ஒரு டன் சரக்கைப் பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்குக் கொண்டுசெல்ல நூறு டாலர் ஆனது போய், பத்து டாலருக்குள் ஆயிற்று. அதன் பிறகு வந்த குடிக்கணக்குகளைப் பாருங்கள். 1830-இல் 8,668, 1840-இல் 18,213, 1850-இல் 42,261, 1860-இல் 81,129. பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் இந்த வளர்ச்சி பிறப்பினால் மட்டும் நிகழக்கூடியதன்று. கால்வாய்ப் படகுகளில் ஏறி வந்த மனிதர்களால் நிகழ்ந்தது.

1842-இல் ஜோசப் டார்ட் என்ற வர்த்தகர், நீராவியால் இயங்கும் தானியம் தூக்கும் களஞ்சியம் ஒன்றை முதன்முதலாக அங்கே நிறுவினார். நீண்ட தோல்பட்டையில் வரிசையாகப் பொருத்திய வாளிகள் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கி, கோதுமையை மொண்டுகொண்டு மேலேறி, களஞ்சியத்தின் உச்சியில் கொட்டிவிட்டுத் திரும்பும். அதுவரை ஐரிஷ் கூலியாட்கள் மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்து இறக்கிய தானியத்தை, மணிக்கு ஆயிரம் புஷல் என்ற வேகத்தில் அந்த இயந்திரம் இறக்கியது. மேற்கத்திய சமவெளிகளின் விளைச்சலெல்லாம் பஃபலோவின் வாயிலில் வந்து குவிந்தது. நூற்றாண்டின் இறுதியில் எஃகும் மின்சாரமும் வந்து சேர்ந்தன. 1896-இல் நயாகரா அருவியில் விளைந்த மின்சாரம் இருபது மைலுக்கு மேல் கம்பி வழியாகப் பயணம் செய்து நகரத்துக்கு வந்தது. 1900-இல் 3,52,387 ஜனங்களுடன் பஃபலோ அமெரிக்காவின் எட்டாவது பெரிய நகரமாக விளங்கியது.

2. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்

அந்த மூன்றரை லட்சம் பேரில், பத்தில் ஏறத்தாழ மூவர் அந்நிய தேசங்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் நகரத்தின் பெரும்பகுதியினர் அவர்களே. வந்த ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் நகரத்தின் நிலப்படத்தில் ஓர் இடம் அமைந்தது. ஐரிஷ்காரர்கள் துறைமுகத்தையொட்டிய முதல் வார்டில், களஞ்சியங்களின் நிழலிலேயே குடியிருந்தார்கள். ஜெர்மானியர் கிழக்குப் பகுதியில் தேவாலயங்களையும் பாடற்சங்கங்களையும் மதுவடிசாலைகளையும் நிறுவினார்கள். சிசிலித் தீவிலிருந்து, அதிலும் வல்லெடொல்மோ என்ற ஒரே ஊரிலிருந்து திரள் திரளாக வந்த இத்தாலியர் மேற்குப் பகுதியின் தாழ்வான தெருக்களில் தங்கினார்கள். போலந்துக்காரர் 1873-இல் புனித ஸ்டானிஸ்லாஸ் ஆலயத்தைத் தொடங்கி, அதைச் சுற்றிக் கிழக்குப் பகுதியில் தங்கள் உலகத்தையே அமைத்துக்கொண்டார்கள். பக்கத்து லாக்கவானாவில் எழுந்த எஃகாலையை நம்பி ஏமன் தேசத்து அரபிகள்கூட வந்து குடியேறினார்கள்.

இவர்கள் வாழ்க்கை இலகுவானதாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். டார்ட்டின் வாளிகள் எட்டாத கப்பல் மூலைகளிலிருந்து தானியத்தை மண்வாரிகளால் தள்ளிக் கொடுக்கும் வேலை ஐரிஷ் தொழிலாளரிடமே இருந்தது. அந்த வேலையைப் பெற வேண்டுமானால், சாராயக்கடை நடத்தும் மேஸ்திரியின் தயவு வேண்டும். கூலியும் அந்தக் கடையிலேயேதான் பட்டுவாடா செய்யப்படும். குடித்த கணக்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருவார்கள். குடியாதவனுக்கு மறுநாள் வேலை கிடைப்பது அரிது. 1899-இல் இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நகரத்தின் கத்தோலிக்க ஆயர் குவிக்லி அவர்கள் பக்கம் நின்றார், தொழிலாளர் வென்றார்கள். ஏழைகளாக வந்தவர்கள் கோவிலாலும் சங்கத்தாலும் வாக்குச்சீட்டாலும் படிப்படியாக நகரத்தின் சொந்தக்காரர்களாக மாறிய வரலாற்றுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அடுத்த தலைமுறையில் அவர்களுடைய பிள்ளைகள் காவல்துறையிலும் நகரசபையிலும் நீதிமன்றத்திலும் அமர்ந்திருந்தார்கள்.

1924-இல் அமெரிக்க அரசாங்கம் தேசவாரியாக வரம்பு விதித்து, கிழக்கு ஐரோப்பியருக்கும் தெற்கு ஐரோப்பியருக்கும் கதவை ஏறக்குறைய முற்றாகச் சாத்தியது. பொருளாதார மந்தமும் தொடர்ந்து வந்தது. 1930-இல் 5,73,076 என்றிருந்த பஃபலோவின் ஜனத்தொகை 1950-இல் 5,80,132 ஆயிற்று. அதாவது, இருபது ஆண்டுகளில் வெறும் ஏழாயிரம் பேரே கூடியிருந்தார்கள். அந்த 1950-ஆம் ஆண்டின் எண்ணே பஃபலோ இன்றுவரை கண்ட உச்சம்.

3. தெற்கிலிருந்து வந்தவர்கள்

கறுப்பின மக்கள் பஃபலோவுக்குப் புதியவர்கள் அல்லர். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்குச் செல்பவர்கள் நயாகரா நதியைக் கடக்கும் கடைசித் துறை அதுவாகையால், 1840-களில் எழுந்த மிச்சிகன் வீதி பாப்டிஸ்ட் ஆலயம் அவர்களுக்கு அடைக்கலமாக இருந்தது. 1905-இல் டூ பாய்ஸ் முதலிய கறுப்பினத் தலைவர்கள் சம உரிமைக்காகத் தொடங்கிய நயாகரா இயக்கம், நதிக்கு அக்கரையில், கனடாவின் ஃபோர்ட் ஈரியில்தான் முதன்முதலில் கூடியது. ஆயினும் 1940 வரை அவர்களுடைய தொகை ஏறத்தாழ 18 ஆயிரமே. இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னும் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு எஃகாலை வேலையை நாடி அவர்கள் வந்தார்கள். 1970-இல் அவர்கள் தொகை 94 ஆயிரத்தை எட்டியது.

ஐரிஷ்காரரும் போலந்துக்காரரும் வந்த வழியிலேயே, அவர்களைப் போலவே வெறுங்கையுடன், அவர்கள் செய்த அதே வேலைகளுக்கே இவர்களும் வந்தார்கள். ஆனால் இவர்களுக்குக் காத்திருந்த வரவேற்பு வேறு. 1930-களின் பிற்பகுதியில் மத்திய அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம் அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கு நிலப்படம் வரைந்து, கடன் கொடுக்கத் தகாதவை என்று தான் கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழும் தெரு என்பதே அவ்வர்ணத்துக்குப் போதிய காரணமாயிற்று. போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார வீரன் அரசாங்க உத்தரவாதத்துடன் கடன் பெற்று ஆம்ஹெர்ஸ்ட், சீக்டவாகா போன்ற புறநகரங்களில் புதுவீடு வாங்கினான். அவனோடு அதே போரில் பணிபுரிந்த கறுப்பின வீரனுக்கு அந்தக் கடன் கிடைப்பது அரிதாயிருந்தது. கிடைத்தாலும் அந்தப் புறநகரங்களில் அவனுக்கு வீடு விற்பார் இல்லை. ஆகவே வடக்குத் தெற்காக ஓடும் மெயின் வீதி நகரத்தின் எல்லைக்கோடாயிற்று. அதற்குக் கிழக்கே கறுப்பின மக்கள், மேற்கே மற்றவர்கள்.

கிடைத்த அந்த இடமும் அவர்களுக்கு நிலைக்கவில்லை. 1950-களின் இறுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரால் எல்லிகாட் வட்டாரத்தின் வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடம் நெடுங்காலம் வெட்டவெளியாகக் கிடந்தது. அதைவிடக் கொடியது ஹம்போல்ட் பார்க்வேக்கு நேர்ந்த கதி. பூங்காக்களை அமைப்பதில் நிகரற்றவராயிருந்த ஓம்ஸ்டெட், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த அந்த வீதி, நடுவே புல்வெளியும் இருமருங்கும் வரிசை வரிசையாக மரங்களும் உடைய இருநூறு அடி அகலமுள்ள சோலையாக இருந்தது. சற்று வசதி பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வீடு வாங்கத் தொடங்கியிருந்தன. 1960-களில் அந்த மரங்களை வெட்டி, புல்வெளியைத் தோண்டி, வீடுகளின் வாசலுக்கு எதிரே ஆழமான பள்ளத்தில் கென்சிங்டன் விரைவுச்சாலையை அமைத்தார்கள். புறநகரவாசிகள் சில நிமிஷங்களில் அலுவலகத்தை அடையவேண்டும் என்பதற்காக, ஒரு சமூகம் தன் வாசலில் புகையையும் இரைச்சலையும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்தப் பள்ளத்தை எவ்வாறு சரிசெய்வது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. பள்ளிகளில் நிலவிய இனப்பிரிவினையை எதிர்த்துப் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நகரத்தாரும் மாநிலத்தாரும் வேண்டுமென்றே அப்பிரிவினையை வளர்த்தார்கள் என்று 1976-இல் நீதிபதி ஜான் கர்டின் தீர்ப்பளித்தார். 1977-இல் ஆர்தர் ஈவ் என்ற கறுப்பினத் தலைவர் ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வென்றும் மேயராக வர முடியவில்லை. அதற்கு இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2006-இல் பதவியேற்ற பைரன் பிரவுனே அந்நகரத்தின் முதல் கறுப்பின மேயர்.

4. தேய்ந்த காலம்

பஃபலோ ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. ஒன்று, 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டபின், தானியக் கப்பல்கள் பஃபலோவில் நிற்காமல் நேரே சமுத்திரத்துக்குச் செல்லத் தொடங்கின. மற்றொன்று, ஒரு காலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலை தந்த லாக்கவானாவின் பெத்லஹேம் எஃகாலை 1983-இல் உருக்குலைகளை அணைத்துவிட்டது. இரண்டும் உண்மை. ஆயினும் குடிக்கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது.

1950-க்கும் 1970-க்கும் இடையில் நகரத்தின் ஜனத்தொகை 5,80,132-லிருந்து 4,62,768 ஆகக் குறைந்தது. அதே இருபது ஆண்டுகளில், நகரமும் புறநகரங்களும் அடங்கிய ஈரி மாவட்டத்தின் ஜனத்தொகை 8,99,238-லிருந்து 11,13,491 ஆக உயர்ந்தது. அதாவது, எஃகாலை மூடப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, பிரதேசம் முழுவதும் வளர்ந்துகொண்டிருந்த நாட்களிலேயே, நகரம் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. நகர எல்லைக்கு வெளியே வாழ்ந்தவர் தொகை அவ்விருபது ஆண்டுகளில் இரட்டித்துவிட்டது. கடனும் சாலையும் வரிச்சலுகையும் வெள்ளையருக்கு வெளிவழியைத் திறந்துவிட்டன. மாநிலப் பல்கலைக்கழகத்தின் புதிய பெரு வளாகம்கூட ஆம்ஹெர்ஸ்டுக்குப் போயிற்று. வரி செலுத்தக் கூடியவர்கள் வெளியேற, வெளியேற வழியில்லாதவர்கள் நகரத்தில் எஞ்சினார்கள். தொழிலின் வீழ்ச்சி அதன் மேல் வந்து விழுந்த இடி.

1970-களின் பத்தாண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நீங்கினார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இல்லாமற்போயினர் என்று இதற்குப் பொருள். 1980-இல் 3,57,870, 1990-இல் 3,28,123, 2000-இல் 2,92,648, 2010-இல் 2,61,310. அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு கணக்கும் முந்தியதைவிடக் குறைவு. கிழக்குப் பகுதியின் தெருக்களில் ஆளில்லாத மரவீடுகள் பனியில் நனைந்து, கூரை சரிந்து, தீப்பிடித்து அழிந்தன. 2007-இல் நகராட்சி ஐந்தாண்டுகளில் ஐயாயிரம் வீடுகளை இடிக்கத் திட்டமிட்டது. வீடு கட்டிக் கொடுப்பதில் பெருமை கொள்ளும் அரசாங்கங்களைத்தான் நாம் அறிவோம்; வீடுகளை இடிப்பதே ஆட்சியின் சாதனையாக அமையும் நிலை ஒரு நகரத்துக்கு வந்ததென்றால், அதன் துயரம் எத்தன்மையது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

5. மீண்டும் வந்த ஜனங்கள்

2020-ஆம் ஆண்டுக் கணக்கு வெளியானபோது பஃபலோவாசிகள் அடைந்த வியப்புக்கு அளவில்லை. 1950-க்குப் பிறகு முதன்முறையாக ஜனத்தொகை உயர்ந்திருந்தது. பத்தாண்டுகளில் 17,039 பேர் கூடியிருந்தார்கள். அதே ஈரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து அந்தப் பத்தாண்டில் இருபத்துநாலாயிரம் பேரை இழந்தது. டெட்ராய்ட் எழுபதாயிரத்துக்கு மேல் இழந்தது. ஆகவே பஃபலோவின் ஏற்றம் பொதுவான காற்றின் திசையால் நேர்ந்ததன்று.

இந்த ஏற்றத்துக்குப் பெருங்காரணமாக இருந்தவர்கள் அகதிகளும் புதிதாகக் குடியேறியவர்களுமே. 1980-இல் இயற்றப்பட்ட அகதிகள் சட்டப்படி மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டவர்களைக் குடியமர்த்தும் தர்ம ஸ்தாபனங்கள் பஃபலோவில் பல உண்டு. அவற்றுள் சர்வதேச நிலையம் என்பது 1918-இலேயே தோன்றியது. கனடா எல்லை அருகில் இருப்பதால், அடைக்கலம் நாடுவோருக்கு அந்த ஊர் பழகிய பாதையும் ஆகும். தாய்லாந்து எல்லை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பர்மாவின் கரென், சின் மக்கள் வந்தார்கள். நாடு கடத்தப்பட்டு நேபாள முகாம்களில் வாழ்ந்த பூட்டானியர், சோமாலியர், ஈராக்கியர், காங்கோ தேசத்தார் என ஒவ்வொருவராக வந்தார்கள். முன்பே மேற்குப் பகுதியில் இத்தாலியருக்குப் பின் குடியேறியிருந்த போர்ட்டோ ரிக்கோ மக்கள், 2017-இல் அவர்கள் தீவைப் புயல் சீரழித்தபின் இன்னும் பலராகப் பெருகினார்கள். நியூயார்க் மாநகரின் வாடகையைத் தாங்க முடியாத வங்காளதேசத்துக் குடும்பங்கள், வரி பாக்கிக்காக ஏலம்விடப்பட்ட கிழக்குப் பகுதி வீடுகளை வாங்கி, உற்றார் உறவினர் சேர்ந்து பழுதுபார்த்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுரைக்கொடி படரும்படி பந்தல் போட்டுக் குடியேறின.

இந்தப் புதிய பஃபலோவைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் சொபியெஸ்கி தெருவுக்குப் போக வேண்டும். போலந்து நாட்டு மன்னர் சொபியெஸ்கி 1683-இல் வியன்னா நகரின் வாயிலில் துருக்கியப் படையை முறியடித்தவர். அவர் பெயரைத் தங்கள் தெருவுக்கு இட்ட போலந்துக்காரர், அங்கே ஒரு பேராலயத்தையும் எழுப்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் புறநகரம் போய்விட்டார்கள். ஆலயம் இப்போது ஜக்கரியா மசூதியாகத் தொழுகைக்குப் பயன்படுகிறது. சுற்றிலும் வங்காளதேசத்தாரின் வீடுகள். மற்றொரு பழைய கத்தோலிக்க ஆலயத்தில் வியட்நாமிய பௌத்தர் வழிபடுகிறார்கள். இதைக் கண்டு வருந்துவோரும் உண்டு. அவர்கள் துயரத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பூட்டிக் கிடந்து, நீர் புகுந்து, இடிபடக் காத்திருந்த மண்டபத்தில் மீண்டும் விளக்கெரிவது அதைக் கட்டிய ஏழைத் தொழிலாளரின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்றே எனக்குப் படுகிறது.

மேற்குப் பகுதியில் 1903-இல் கட்டிய லாஃபயெட் பள்ளியின் பழைய மாளிகையில், ஆங்கிலம் அறியாமல் வந்திறங்கும் பிள்ளைகளுக்கென்றே ஓர் உயர்நிலைப் பள்ளி நடைபெறுகிறது. அதே பகுதியில் 2011-இல் தொடங்கிய சிறுவணிகச் சந்தையில், பர்மியப் பெண்ணும் எத்தியோப்பியப் பெண்ணும் அடுத்தடுத்த அடுப்புகளில் தங்கள் நாட்டு உணவைச் சமைத்து விற்று, முதல் சேர்ந்ததும் தனிக்கடை வைக்கப் புறப்படுகிறார்கள். பத்தாண்டுகளில் நகரத்து ஆசிய மக்களின் தொகை இருமடங்குக்கும் மேலாயிற்று. இன்று பஃபலோவில் பத்தில் ஏறத்தாழ நால்வர் வெள்ளையர். மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். எட்டில் ஒருவர் ஸ்பானிய மொழி வழியினர். எந்த ஒரு கூட்டத்தாரும் பாதிக்கு மேல் இல்லை.

6. கணக்கும் பகையும்

இந்த மகிழ்ச்சியான பகுதியோடு என் உரையை முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2022 மே 14-ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், கிழக்குப் பகுதியில் ஜெபர்சன் அவென்யூவில் உள்ள பல்பொருள் அங்காடிக்கு ஒரு வெள்ளை இளைஞன் துப்பாக்கியுடன் வந்து பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்த பத்துப் பேரும் கறுப்பின மக்கள். அவன் அந்த ஊர்க்காரன் அல்லன். இருநூறு மைல் தொலைவிலிருந்து வந்தவன். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் இடம் எது என்று தேடி, ஜனத்தொகை விவரங்களைப் பார்த்தே அந்த இடத்தைத் தேர்ந்துகொண்டான். வெள்ளையரின் இடத்தைப் பிறர் கவர்ந்துகொள்கிறார்கள் என்ற விஷக் கொள்கை அவன் மனத்தைக் கெடுத்திருந்தது.

ஜனத்தொகையைப் படிப்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கடந்து செல்லக் கூடாது. குடிக்கணக்கு என்பது பள்ளிக்கூடம் எங்கே வேண்டும், ஆஸ்பத்திரி எங்கே வேண்டும் என்று அறிவதற்காக ஏற்பட்டது. அதே கணக்கைக் கொண்டு 1930-களில் சிவப்பு வர்ணம் தீட்டினார்கள். 2022-இல் ஒருவன் கொலைக்களத்தைக் குறித்தான். சிவப்பு வர்ணம் ஒரே இடத்தில் நெருக்கிவைத்த சமூகத்தையே அவன் தேடிவந்தான் என்பதால், இரண்டுக்கும் நடுவே தொடர்பு உண்டு. அந்த அங்காடியே, சுற்றுவட்டாரத்தில் நல்ல காய்கறி வாங்க ஒரு கடையும் இல்லையே என்று அவ்வூர்வாசிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு, 2003-இல் பெற்றது. பல்லாயிரம் பேருக்கு ஒரே பெரிய அங்காடி என்ற நிலைமையை ஏற்படுத்தியவர்களும் தங்கள் பங்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கொலையாளி நம்பிய கொள்கை எவ்வளவு பொய் என்பதற்குப் பஃபலோவின் கணக்கைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டியதில்லை. அங்கே புதிதாக வந்தவர்கள் எவரும் வெள்ளையரைத் துரத்திவிட்டு இடம் பிடிக்கவில்லை. முன்னிருந்தவர்கள் தங்கள் விருப்பத்தின்பேரில், அரசாங்கத்தின் உதவியோடு வெளியேறினார்கள். எஞ்சிய வீடுகளை அரைநூற்றாண்டுக் காலம் யாரும் விரும்பவில்லை. வேண்டாம் என்று விட்டுப்போன இடத்தில்தான் புதியவர்கள் வந்து விளக்கேற்றினார்கள்.

7. முடிவுரை

பெரியோர்களே, இதுவரை சொன்னவற்றிலிருந்து இரண்டு முடிவுகளை நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலாவது: நகரத்தின் வளர்ச்சிக்கு வரவேற்பே உயிர்நாடி. துறைமுகமும் கால்வாயும் ஜனங்களை அழைத்தன. ஆனால் வந்தவனுக்கு வேலையும், வீட்டுக்குக் கடனும், வாக்கும், அவன் பிள்ளைக்குப் பள்ளியும் கிடைத்தபோதுதான் அவன் நிலைத்தான். 1924-இல் கதவு சாத்தப்பட்டபின் சில ஆண்டுகளிலேயே வளர்ச்சி நின்றது. அகதிகள் பெருவாரியாக வந்து குடியேறியபின் அறுபதாண்டுத் தேய்வு நின்றது. மத்திய அரசாங்கம் அகதிகளின் வரவைக் குறைத்த ஆண்டுகளிலெல்லாம், அந்நகரத்துத் தர்ம ஸ்தாபனங்களும் சிறு தொழிற்சாலைகளும் வாடகை வீட்டுக்காரர்களும் ஒருசேரக் கவலைப்பட்டதன் காரணம் இதுவே.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. எண்ணிக்கை உயர்வதாலேயே நீதி உயர்ந்துவிடாது. பஃபலோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் டெய்லர், 1990-இல் கறுப்பின மக்களின் நிலையை ஆராய்ந்து, முப்பது ஆண்டுகளுக்குப்பின் 2021-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, வருமானத்திலும் சொந்த வீட்டிலும் வேலைவாய்ப்பிலும் சொல்லத்தக்க மாறுதல் எதுவும் ஏற்படவில்லை என்று கண்டார். நகரம் மறுமலர்ச்சி அடைந்துவிட்டதாகக் கொண்டாடப்பட்ட காலம் அது. ஏரிக்கரையில் புதிய மாளிகைகள் எழுந்தன. மேற்குப் பகுதியில் நிலத்தின் விலை ஏறியது. கிழக்குப் பகுதியின் கறுப்பினக் குடும்பத்துக்கோ, தாத்தா காலத்து வாடகை வீடே பேரன் காலத்திலும் வாடகை வீடாக இருந்தது. நகரவாசிகளில் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இன்னும் வறுமையில் இருக்கிறார்கள்.

வீழ்ச்சியின் நாட்களில் நகரத்தை விட்டுப் போகாமல், பூட்டிய வீடுகளுக்கு நடுவே தங்கள் வீட்டு வாசலைப் பெருக்கி, ஆலயத்தையும் பள்ளியையும் காப்பாற்றி, வரி கட்டி, அந்த ஊர் ஊராக நிலைப்பதற்குக் காரணமாயிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் அந்தக் கறுப்பினக் குடும்பங்களே. புதிதாக வந்தவனை வரவேற்பது ஒரு தர்மம். கஷ்டகாலத்தில் உடனிருந்தவனுக்கு உரிய பங்கைக் கொடுப்பது அதற்கு முந்திய தர்மம். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவது அரசியல்வாதிகளுக்குப் பழகிய தந்திரம். மலிவான வீட்டை நாடி வந்த வங்காளதேசத்துக்காரனும், அடுத்த வீட்டில் மூன்று தலைமுறையாக வாழும் கறுப்பினக் கிழவியும் ஒரே பள்ளியை, ஒரே பேருந்தை, ஒரே ஆஸ்பத்திரியை நம்பி வாழ்கிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் நன்மை மற்றவருக்கும் நன்மையே.

ஆகவே பஃபலோவின் அடுத்த குடிக்கணக்கு வெளியாகும்போது, எத்தனை ஆயிரம் கூடிற்று என்று மட்டும் கேட்டு நாம் திருப்தியடையலாகாது. சிவப்பு வர்ணம் தீட்டிய தெருக்களில் எத்தனை குடும்பங்கள் சொந்த வீட்டுக்காரர்கள் ஆயின, மெயின் வீதிக்குக் கிழக்கே பிறந்த குழந்தையும் மேற்கே பிறந்த குழந்தையும் ஒத்த ஆயுளோடு வாழ்கிறார்களா, சிலருக்காகத் தோண்டிய பள்ளத்தை எல்லாருக்குமாகச் சீர்செய்ய அரசாங்கம் துணிந்ததா என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கும் நாளில், பஃபலோ 1950-இன் எண்ணிக்கையை எட்டாவிட்டாலும், 1950-ஐ விடப் பெரிய நகரமாகவே இருக்கும் என்பது என் துணிபு.